ஐஎல்எஸ்-ல (ரன்வேக்கு ரேடியோ சிக்னல்ல வழி காட்டுற கருவி) இறங்குற ஃப்ளைட் நடுக்கோட்ட விட்டு எவ்ளோ விலகுது, அத எப்படி சரியா அளக்குறது?

பென்சன்வில் முத்து:

எல்லாருக்கும் வணக்கம். நான் சிகாகோ ஓஹேர் ஏர்போர்ட்டுக்கு மேற்கு பக்கம் பென்சன்வில்ல இருக்கேன். கூரை மேல ஒரு சின்ன ஆன்டனா மாட்டி ஃப்ளைட்டுங்க தங்களோட இடத்தையும் உயரத்தையும் சொல்லி அனுப்புற ஏடிஎஸ்-பி சிக்னல புடிச்சு சேத்து வைக்கிறது ரெண்டு வருஷமா பழக்கம். மேகம் தாழ்ந்து கெடக்குற நாள்ல கிழக்க பாத்து எறங்கும்போது எங்க வீட்டுக்கு மேல ரெண்டு ஃப்ளைட் பக்கத்து பக்கத்து ரன்வேக்கு ஒரே நேரத்துல ஜோடியா போகும், ஒன்னுக்கொன்னு தெரியவே தெரியாது, நடுவுல முழுக்க மேகம். அத பாத்த நாள்லருந்து எனக்கு ஒரே கேள்விதான் மண்டைல ஓடுது, இவங்க ரன்வே நடுக்கோட்ட விட்டு எவ்ளோ விலகுறாங்க, அத யாராச்சும் அளந்து பாத்திருக்காங்களா?

நானே சேத்த டேட்டாவ போட்டு பாத்தேன். மேலருந்து பாத்தா புனல் மாதிரி இருக்கு, தூரத்துல அகலமா சிதறி கெடக்கு, ரன்வே கிட்ட வர வர ஒரே கோடா சுருங்கிடுது. பக்கவாட்டுல உயரத்த போட்டு பாத்தாதான் குழப்பம். ஜனவரி ஃப்ளைட் எல்லாம் எறங்க வேண்டிய 3 டிகிரி சரிவு கோட்டுக்கு மேல, ஜூலை ஃப்ளைட் எல்லாம் கீழ. கியூஎன்எச் (அன்னன்னிக்கு இருக்குற காத்தழுத்தம்) திருத்தம் போட்டுதான் பாத்தேன். குளிர்காலத்துல பைலட்டுங்க வேணும்னே உயரமா வராங்களா, இல்ல நான் அளக்குறதுலயே தப்பா?

காதர் பாய், திருச்சி:

தம்பி முத்து, நான் 30 வருஷத்துக்கு மேல ஐஎல்எஸ் கருவிங்களோடயே குப்ப கொட்டுனவன், இப்ப ரிட்டயர்ட். உயரத்த அப்புறம் பாக்கலாம், மொதல்ல அந்த புனல்.

ரன்வேயோட அந்த கடைசில, ஃப்ளைட் எறங்குற முனைக்கு எதிர் முனைல, லோக்கலைசர் ஆன்டனா வரிசையா நிக்கும். அது ரெண்டு டோன் அனுப்புது, 90 ஹெர்ட்ஸ் ஒன்னு 150 ஹெர்ட்ஸ் ஒன்னு. வர்ற பைலட் கண்ணுக்கு நடுக்கோட்டுக்கு இடது பக்கம் 90 தூக்கலா இருக்கும், வலது பக்கம் 150 தூக்கலா இருக்கும், நடுக்கோட்டுல ரெண்டும் சமம். இந்த ரெண்டோட வித்தியாசத்தத்தான் நாங்க டிடிஎம்-னு சொல்லுவோம், காக்பிட்ல முள்ளு நகர்றது அதுக்குத்தான். 0.155 டிடிஎம் வந்தா முள்ளு ஓரத்துல போய் ஒட்டிக்கும். எறங்குற பக்க ரன்வே முனைல நடுலருந்து 350 அடி விலகுனா முள்ளு ஓரத்துக்கு போகணும், அந்த அளவுக்குத்தான் அகலத்த டியூன் பண்ணி வைப்போம்.

இப்ப பாரு, இது கோணம். அடி கணக்கு இல்ல. ரன்வே 10000 அடி, ஆன்டனா அதுக்கும் 1000 அடி தள்ளி இருக்குன்னு வச்சுக்க, அப்ப ஆன்டனாலருந்து 11000 அடில 350 அடி. அதே கோணத்த 10 நாட்டிகல் மைல் வெளிய நீட்டுனா கிட்டத்தட்ட 2280 அடி ஆயிடும். முள்ளுல ஒரே அளவு விலகல்தான், ஆனா வானத்துல ஆறு மடங்குக்கு மேல. உன் புனல் அதுதான், பைலட் மேல குத்தம் இல்ல.

அனிதா, ஏ320 ஃபர்ஸ்ட் ஆபீசர்:

காதர் அங்கிள் சொன்னத காக்பிட் பக்கத்துலருந்து சொல்றேன். எங்க டிஸ்ப்ளேல ஒவ்வொரு பக்கமும் ரெண்டு டாட் இருக்கும், ரெண்டாவது டாட்தான் ஃபுல் ஸ்கேல். மேகத்துக்குள்ள வரும்போது 1000 அடிக்குள்ள எல்லாம் செட்டில் ஆகியிருக்கணும், ஸ்பீடு, எறங்குற வேகம், லோக்கலைசர், கிளைட் ஸ்லோப் (எறங்குற சரிவ காட்டுற சிக்னல்) எல்லாம். ஒரு டாட்டுக்கு மேல போயிடுச்சுன்னா பக்கத்துல இருக்குறவங்க சத்தமா சொல்லணும், சரி பண்ண முடியலன்னா கோ அரவுண்ட், எறங்காம மறுபடி மேல ஏறிடணும், அவ்ளோதான், அதுல பேச்சுக்கே எடம் இல்ல. ஆட்டோபைலட்ல வந்தா முள்ளு பெரும்பாலும் நடுலயே ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். கைல ஓட்டும்போதுதான் அரை டாட் இந்த பக்கம் அந்த பக்கம் ஆடும், அதுவும் காத்து குறுக்க அடிச்சா.

ஒவ்வொரு ஃப்ளைட்டோட ரெக்கார்டரையும் கம்பெனில எறக்கி பாப்பாங்க. எந்த உயரத்துல எவ்ளோ டாட் விலகுனோம்னு அதுல வந்துடும். அதனால "எவ்ளோ துல்லியம்"ங்குறதுக்கு பதில் ஏற்கனவே ஏர்லைன் கம்பெனிங்க கிட்ட இருக்குன்னுதான் நான் நெனைக்கிறேன்.

காதர் பாய், திருச்சி:

அனிதாம்மா, இந்த எடத்துல ஒத்துக்க மாட்டேன். மன்னிக்கணும், இது நான் வாழ்க்கை பூரா சண்ட போட்ட விஷயம். ரெக்கார்டர் சொல்றது முள்ளு நடுலருந்து எவ்ளோ விலகுச்சுங்குறது. முள்ளே பொய் சொன்னா?

2000-ம் வருஷம் ஜூலை 29 ராத்திரி, சமோவால அபியா ஏர்போர்ட்டுக்கு ஏர் நியூசிலாந்து 767 ஒன்னு வருது. கிளைட் ஸ்லோப் முள்ளு நட்ட நடுல நிக்குது, எச்சரிக்கை கொடி எதுவும் இல்ல, ஆட்டோபைலட்டும் அத நம்பி எறங்கிட்டே இருக்கு. ஆனா ஃப்ளைட் உண்மையான பாதைக்கு ரொம்ப கீழ. காரணம் என்னன்னா கீழ இருந்த டிரான்ஸ்மிட்டர்ல கோளாறு, அத தானா அணைக்க வேண்டிய மானிட்டர் பைபாஸ்ல கெடந்துச்சு. கிளைட் ஸ்லோப்புக்கும் அதே 90, 150 டோன்தான், மேல போனா 90 தூக்கல், கீழ போனா 150 தூக்கல். அன்னிக்கு ரெண்டு டோனும் சமமா இருக்குற பாகம் மட்டும் வெளிய போயிருக்கு, நீ மேல இருக்கியா கீழ இருக்கியான்னு சொல்ற பாகம் போகவே இல்ல. அப்ப டிடிஎம் எங்க இருந்து பாத்தாலும் சைபர், கடல் மேல இருந்தாலும் சைபர். முள்ளு நடு.

தூரத்துக்கும் உயரத்துக்கும் பொருந்தல, வெளிய தெரிஞ்ச விளக்கும் இருக்க வேண்டிய எடத்துல இல்லன்னு கவனிச்சு அந்த குழு கோ அரவுண்ட் போச்சு. ரன்வேக்கு 5 மைலுக்கு மேல இருக்கும்போதே 400 அடிக்கும் கீழ வந்துட்டாங்க. 3 டிகிரில வந்தா அந்த எடத்துல 1600, 1700 அடி இருக்கணும். ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகல, அல்லா காப்பாத்துனான். அந்த அப்ரோச்ச உங்க ரெக்கார்டர் கணக்குல போட்டு பாரும்மா, கிளைட் ஸ்லோப் விலகல் பூஜ்யம், அருமையான அப்ரோச்னு வரும்.

அனிதா, ஏ320 ஃபர்ஸ்ட் ஆபீசர்:

அங்கிள், இத படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். 1000 அடிக்கு 3 மைல்னு தூரத்தையும் உயரத்தையும் ஒத்து பாக்க சொல்லிக் குடுப்பாங்க, நாங்களும் சத்தமா சொல்லுவோம், ஆனா ஏன்னு இவ்ளோ தெளிவா எனக்கு யாரும் சொன்னது இல்ல. ஒத்துக்கறேன், ரெக்கார்டர் அளக்குறது நாங்க முள்ள எவ்ளோ நல்லா தொரத்துறோம்ங்குறத மட்டும்தான்.

கோவை பிரவீன், ஏரோ மூணாம் வருஷம்:

அப்ப அந்த சிக்னல் சரியா இருக்கான்னு யார் அளக்குறது சார்?

காதர் பாய், திருச்சி:

அதுக்குத்தான் ஃப்ளைட் இன்ஸ்பெக்ஷன்னு தனி ஃப்ளைட்டே இருக்கு தம்பி. நம்ம நாட்டுல டெல்லி சஃப்தர்ஜங்லருந்து ஏஏஐ (இந்திய விமான நிலைய ஆணையம்) யூனிட் வரும், டோர்னியர், கிங் ஏர் மாதிரி சின்ன ஃப்ளைட்ல. ஐஎல்எஸ்-க்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவைங்குறது சர்வதேச கையேடு சொல்ற பொதுவான இடைவெளி. அவங்க ரிசீவர் டிடிஎம்-ம பதியும், அதே நேரத்துல ஃப்ளைட் உண்மைல எங்க இருக்குங்குறத வேற ஒரு கருவி தனியா பதியும், ரெண்டையும் கழிச்சா சிக்னலோட பிழை. இப்ப அந்த வேற கருவி டிஃபரன்ஷியல் ஜிபிஎஸ். நான் சேந்த புதுசுல தியோடலைட், கோணம் அளக்குற டெலஸ்கோப். ரன்வே பக்கத்துல முக்காலி போட்டு, அந்த டெலஸ்கோப்ல ஃப்ளைட்டோட மூக்க குறுக்கு கம்பில வச்சு விடாம தொடரணும், அந்த அளவு வயர்லெஸ்ல மேல போகும். மே மாச வெயில்ல கண்ணுல தண்ணி கொட்டும், ஆனா கண்ண எடுத்தா அந்த ரன் வீண், மறுபடி சுத்தி வரணும், எரிபொருள் செலவு யார் தருவா.

அளவு எவ்ளோ கெடுபிடின்னா, ரன்வே முனைல லோக்கலைசரோட நடுக்கோடு கேட்டகிரி ஒன்னுக்கு (எவ்ளோ மோசமான பார்வைலயும் எறங்கலாம்ங்குற வகை, எண் கூட கூட கெடுபிடி) 10.5 மீட்டருக்குள்ள இருக்கணும், ரெண்டுக்கு 7.5, மூணுக்கு 3 மீட்டர். மூணு மீட்டர்னா ஒரு ரூமோட அகலம் தம்பி.

கிளைட் ஸ்லோப்தான் இன்னும் கஷ்டம். பல எடத்துல ஆன்டனா முன்னாடி இருக்குற தரை மேல பட்டு திரும்புற சிக்னலும் சேந்துதான் அந்த கோணமே உண்டாகுது. தரைதான் பாதி ஆன்டனா. ஒரு ஏர்போர்ட்ல, பேர் வேணாம், மழைக்கப்புறம் புல்லு இடுப்பளவு வளந்துடுச்சு, வெட்டுங்க வெட்டுங்கன்னு ரெண்டு மாசம் எழுதி கேட்டேன், காண்ட்ராக்ட் முடிஞ்சுடுச்சுன்னாங்க. இன்ஸ்பெக்ஷன் ஃப்ளைட் வந்தப்ப பாதைல வளைவு காட்டுச்சு, கிளைட் ஸ்லோப்ப நிறுத்தி வைக்க வேண்டியதா போச்சு. புல்லுக்காக! இன்னிக்கு நெனச்சாலும் வயிறு எரியுது.

டொரன்டோ குமரன்:

வணக்கம். நான் ரேடார் மென்பொருள் பக்கம் கனகாலம் வேலை செய்தனான். முத்து கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் முழுசா பதில் சொல்லேல்லை, அது என்ர பக்கம் வருகுது எண்டபடியா எழுதுறன்.

காதர் அண்ணை அளந்தது சிக்னலின்ர பிழை. அனிதா தங்கச்சி சொன்னது முள்ளைத் துரத்துற பிழை. நடுவில ரிசீவரின்ர பிழை எண்டு இன்னொண்டும் இருக்கு. மூண்டும் சேர்ந்து வானத்தில விமானம் உண்மையா எவ்வளவு விலகி நிக்குது எண்டதுதான் மொத்தப் பிழை. இதுகளைச் சும்மா கூட்டேலாது, ஒண்டுக்கொண்டு சம்பந்தம் இல்லாட்டி வர்க்கத்தைக் கூட்டி மூலம் எடுக்க வேணும், 3ம் 4ம் இருந்தா 7 இல்லை, 5. மொத்தத்தை நேரடியா அளக்க வேணுமெண்டா விமானத்துக்கு வெளியில இருந்துதான் பாக்க வேணும்.

உங்கட ஓஹேர்தான் இதுக்கு முக்கியமான இடம் முத்து. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எஃப்ஏஏ-இன்ர டெக்னிக்கல் சென்டர் ஓஹேரில சமாந்தர ஓடுபாதைகளுக்கு ஒரே நேரத்தில வந்த ஐஎல்எஸ் அப்ரோச்சுகளின்ர பாதையைப் பதிஞ்சு, ஆராய்ஞ்சு, 1990-இல அறிக்கை வெளியிட்டது. அதே காலத்தில மெம்பிசிலயும் ராலேயிலயும் வேகமா சுழற்சி எடுக்கிற ரேடார்களை வைச்சுப் பரிசோதிச்சவை.

ஏன் இவ்வளவு கரைச்சல் பட்டவை எண்டா, ரெண்டு பாதைக்கும் நடுவில 2000 அடி அகலத்தில ஒரு கீலம் இருக்கு, அதுக்குள்ள ஒருத்தரும் வரக்கூடாது. அப்ப ஓடுபாதைகளுக்கு இடையில 4300 அடி எண்டா ஒவ்வொருத்தருக்கும் உள்பக்கமா மிஞ்சுறது 1150 அடி. இப்ப காதர் அண்ணையின்ர கணக்கைப் பாருங்கோ, 10 மைலில ஃபுல் ஸ்கேல் 2280 அடி, அப்ப ஒரு டாட் 1140. விளங்குதோ? முள்ளு ஒரு டாட் உள்ளுக்கு ஆடினா விமானம் அந்தக் கீலத்தின்ர விளிம்புக்கு, எங்கட வேலிக்கு, பக்கத்தில போய் நிக்குது. இடைவெளியை 3400 ஆக்கினா 700 அடிதான் மிஞ்சும், அரை டாட்டுக்கும் கொஞ்சம் மேல.

பென்சன்வில் முத்து:

குமரன் அண்ணா, இத எழுதி பாத்துட்டு கை நடுங்குது. எங்க வீட்டு மேல தினம் போறது இதுதானா. ஆனா வேலிய தொட்டா என்ன ஆகும், சும்மா கொஞ்சம் ஆடுனதுக்கும் அலாரம் அடிக்குமா?

டொரன்டோ குமரன்:

தம்பி, பயப்பிட வேண்டாம், அதுக்குத்தானே அளந்தவை. கட்டுப்பாட்டாளர் எந்த நேரமும் அந்தக் கீலத்தைப் பாத்துக்கொண்டு இருப்பார், அதுக்கெண்டே தனி ஆள், வேற வேலை இல்லை. ஒராள் உள்ளுக்கு வந்தா பக்கத்தில வாறவரை உடனை திருப்பி வெளியில எடுத்துவிடுவார்.

ரெண்டு பக்கமும் யோசிக்க வேணும். ஒராள் பிழையா 30 பாகை திரும்பினா, 150 நாட் வேகத்தில செக்கனுக்கு 127 அடி பக்கத்தாலை போகும். பழைய ரேடார் 4.8 செக்கனுக்கு ஒருக்காத்தான் பாக்கும், அதுக்குள்ள 600 அடி போயிடும். ஒரு செக்கனுக்கு ஒருக்காப் பாக்கிற ரேடார் வந்தது அதுக்குத்தான். மற்றப் பக்கம், சாதாரணமா ஆடுற ஆட்டத்துக்கே வேலியைத் தொட்டா, பிழை ஒண்டும் செய்யாதவரை வீணா வெளியில அனுப்ப வேண்டி வரும், அதுவும் ஆபத்து. அப்ப சாதாரண ஆட்டம் எவ்வளவு எண்டு தெரியாம இடைவெளியை ஒருத்தரும் தீர்மானிக்கேலாது. 5000 அடியில இருந்து 4300க்கு வந்து, 2013-இல 3600 ஆக்கினது எல்லாம் இப்பிடி அளந்த கணக்குகளை வைச்சுத்தான்.

கோவை பிரவீன், ஏரோ மூணாம் வருஷம்:

சராசரியும் ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் எடுத்தா போதாதா அண்ணா? நார்மல் வளைவு போட்டுக்கலாமே.

டொரன்டோ குமரன்:

கூடாது, கூடவே கூடாது. இதுதான் நான் ஆகலும் கவலைப்படுற விசயம். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு ஐசிஏஓ-இன்ர, தடைகளோட மோதுற ஆபத்துக் கணக்கில இலக்கு என்ன தெரியுமோ, ஒரு கோடி அப்ரோச்சுக்கு ஒண்டு. அந்த ஒண்டு பரம்பல் வளைவின்ர வால் நுனியில இருக்கு, நடுவில இல்லை. உண்மையான விமானங்களின்ர பரம்பலுக்கு நார்மல் வளைவை விடத் தடிச்ச வால். ஏனெண்டா அதில ஆட்டோபைலட்டில வந்தவையும் இருக்கு, கையால ஓட்டினவையும் இருக்கு, பிந்தித் திரும்பி கோட்டைத் தாண்டிப் போய் வந்தவையும் இருக்கு. எல்லாத்தையும் ஒரு குவியலாப் போட்டு ஒரு சிக்மா (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) எடுத்தா நடு அழகாப் பொருந்தும், வாலில பிழைச்சுப்போம். ஒரு கோடி பாதையை ஒருத்தரும் சேர்க்கேலாது, சில ஆயிரம்தான் கிடைக்கும், மிச்சத்தை நீட்டிப் பாக்க வேணும், அந்த நீட்டலில ஒரு சின்னப் பிழை விட்டாலும் பத்து மடங்கு நூறு மடங்கு மாறிப்போம். அதாலை தூரத்தில கோட்டில ஒட்டாம கிடக்கிற அந்த ஒண்டு ரெண்டு பாதையைக் குப்பை எண்டு அழிச்சுப் போடாதேங்கோ. ஒவ்வொண்டா எடுத்து ஏன் எண்டு பாருங்கோ, தேவையானது அதுதான்.

அனிதா, ஏ320 ஃபர்ஸ்ட் ஆபீசர்:

விலகல் எல்லாம் தப்பும் இல்லன்னு ஒன்னு சேத்துக்கறேன். முன்னாடி பெரிய ஃப்ளைட் போச்சுன்னா அதோட சுழல் காத்துல மாட்டாம இருக்க சில பேர் கைல ஓட்டி கிளைட் ஸ்லோப்புக்கு கொஞ்சம் மேலயே வருவாங்க. முத்து அண்ணா, வானம் தெளிவா இருக்குற நாள்ல கண்ணால ரன்வேய பாத்து விஷுவல் அப்ரோச் வர்றவங்க லோக்கலைசர பிடிக்கணும்னே கட்டாயம் இல்ல, அதையும் சேத்து போட்டா உங்க சிதறல் பொய்யா பெருசாகும்.

மதுரை சரவணன்:

இவ்ளோ கஷ்டம் எதுக்கு, ககன், நம்ம நாட்டு சேட்டிலைட் வழிகாட்டி, வந்தாச்சு, 2022 ஏப்ரல்லயே ராஜஸ்தான் கிஷன்கர்ல இண்டிகோ ஏடிஆர் அத வச்சு எறங்கிடுச்சு. புல்லு வெட்ட வேணாம், ஆன்டனா வேணாம்.

காதர் பாய், திருச்சி:

சந்தோஷம்தான் தம்பி, நானே அன்னிக்கு செய்திய பாத்து பெருமப்பட்டேன், சின்ன ஏர்போர்ட்டுக்கு அது பெரிய வரம். ஆனா டெல்லி டிசம்பர் பனில, முன்னாடி 50, 100 மீட்டர் கூட தெரியாதப்ப, எறக்கி விடுறது கேட்டகிரி மூணு ஐஎல்எஸ்தான், ககன் அந்த அளவுக்கு இல்ல. ஐஎல்எஸ்-லயும் சிக்னல் நாம அளந்த அன்னிக்கு இருந்த மாதிரியே எப்பவும் இருக்காது. 2011 நவம்பர் 3 மியூனிக்ல சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 777 ஆட்டோலேண்ட்ல, அதாவது ஆட்டோபைலட்டே எறக்க, எறங்குது, அதே ரன்வேலருந்து கெளம்புன ஃப்ளைட் லோக்கலைசர் ஆன்டனாவுக்கு முன்னாடி குறுக்க வந்து சிக்னல கலைச்சுடுச்சு, ஆட்டோபைலட் அந்த கலைஞ்ச சிக்னல நம்பி திரும்பி ரன்வேய விட்டு புல்லுக்கு போயிடுச்சு. பனி நாளா இருந்தா அந்த ஏரியாவ காலியா வச்சிருப்பாங்க, அன்னிக்கு அப்படி வைக்க வேண்டிய வானிலை இல்ல, ஆட்டோலேண்ட் பண்றோம்னு கட்டுப்பாட்டு கோபுரத்துக்கும் சொல்லல. யாருக்கும் காயம் இல்ல. இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்ல அந்த லோக்கலைசர் பாஸ்தான்.

சரி முத்து, உன் ஜனவரி ஜூலை சங்கதிக்கு வர்றேன். நீ எடுத்த உயரம் பாரோமீட்டர் உயரம்தானே? ஏடிஎஸ்-பி-ல வர்றது 1013.25 ஹெக்டோபாஸ்கல்ங்குற மாறாத அழுத்தத்துக்கு, நீ கியூஎன்எச் திருத்தம் போட்ட, சரி. வெப்பம்? குளிர்ல காத்து அடர்த்தியா சுருங்கி கெடக்கும், ஆல்டிமீட்டர் இருக்குறத விட அதிகமா காட்டும். சாதாரண கணக்கு 10 டிகிரிக்கு 4 சதவீதம். சிகாகோல மைனஸ் 20ன்னு வச்சுக்க, 1000 அடில 140 அடி அதிகமா காட்டும். கிளைட் ஸ்லோப் ரேடியோ, அதுக்கு குளிர் தெரியாது. ஃப்ளைட் 3 டிகிரிலதான் வந்துச்சு, உன் அளவுகோல்தான் சுருங்குது, விரியுது.

டொரன்டோ குமரன்:

அதோட ரெண்டு விசயம். ஏடிஎஸ்-பி-இல பாரோமீட்டர் உயரத்துக்கும் ஜிபிஎஸ் உயரத்துக்கும் உள்ள வித்தியாசமும் வருகுது, அதைக் கூட்டி ஜிபிஎஸ் உயரத்தை எடுங்கோ, ஆனா அது நீள்கோளத்தில (பூமியின்ர கணித வடிவம், கடல் மட்டம் இல்லை) இருந்து அளந்த உயரம், ஓடுபாதை முனையின்ர உயரத்தையும் அதே கணக்கிலதான் எடுக்க வேணும், இல்லாட்டி எல்லாப் பாதையும் ஒரே அளவு விலகி நிக்கும். பக்கவாட்டில, ஏடிஎஸ்-பி இடத்தைக் குறியிடுற முறையிலயே 5 மீட்டர் படி இருக்கு, ஆனபடியா 10 மைலில உங்கட டேட்டா நல்லாப் பிரயோசனப்படும், ரன்வே முனையில 3 மீட்டரை அதால அளக்க வெளிக்கிடாதேங்கோ. பிறகு கிட்டக்கிட்ட இருக்கிற ஓடுபாதைகளுக்குச் சில இடத்தில லோக்கலைசரையே ரெண்டரை, மூண்டு பாகை சரிச்சு வைப்பினம். ஒவ்வொரு ஓடுபாதையின்ர சார்ட்டையும் எடுத்து கோர்ஸை, அதாவது லோக்கலைசரின்ர திசையைப் பாத்துப்போட்டு நடுக்கோட்டைக் கீறுங்கோ.

பென்சன்வில் முத்து:

லேட்டா பதில் போடுறதுக்கு மன்னிக்கணும், வார இறுதி பூரா இதுலயே போச்சு. ஜிபிஎஸ் உயரம் போட்டு ஜனவரிய மறுபடி ஓட்டுனேன், காதர் பாய், 3 டிகிரி கோட்டு மேலயே வந்து உக்காந்துடுச்சு. ஜூலையும் அங்கயே. பைலட்டுங்கள தப்பா நெனச்சதுக்கு வருத்தமா இருக்கு.

விஷுவல் நாள எல்லாம் தூக்கிட்டு மேகம் தாழ்ந்த நாள் மட்டும் தனியா வச்சிருக்கேன். அதுல ஒரு ஃப்ளைட் 12 மைல்ல கோட்ட தாண்டி பக்கத்து ரன்வே பக்கமா போய் வளைஞ்சு திரும்பி வந்திருக்கு, முன்னாடி இத நான் பிழைன்னு அழிச்சு வச்சிருந்தேன். குமரன் அண்ணா சொன்னதால திரும்ப எடுத்துட்டேன். அன்னிக்கு அந்த உயரத்துல காத்து எப்படி இருந்துச்சு, பக்கத்துல யார் வந்துட்டு இருந்தாங்கன்னு தேடிட்டு இருக்கேன், கெடச்சதும் படத்தோட இங்கயே போடுறேன்.

காதர் பாய், திருச்சி:

போடு தம்பி. அன்னிக்கு அந்த லோக்கலைசர் சரியாதான் இருந்துச்சான்னு பாக்க ஒரு வழி இருக்கு, அதுக்கு முன்னாடி வந்தவங்க பின்னாடி வந்தவங்க அஞ்சாறு பேரோட பாதையும் சேத்து போடு. எல்லாரும் அதே எடத்துல வளைஞ்சிருந்தா சிக்னல், இவன் மட்டும்னா ஃப்ளைட்.